புள்ளிக்குப் பின் ஒன்பது

மாக்டெபுர்கில் மழை கொட்டினாலும்
எங்கள் அறையில் ஈரப்பதம் ஐம்பதுதான்.
மேலே போனால் தூசி எடை கூடும்,
கீழே போனால் கம்பளம் பொய் சொல்லும்.
ஆமாம், கம்பளமும் சொல்லும்.
பதினான்கு வருடமாக என் வேலை
சுத்தமான கம்பளத்தை
அளந்து அழுக்காக்குவது.

சலித்த தூசி, ஒரு டப்பா நாற்பது யூரோ.
வீட்டில் இனாமாக வருவதை
இங்கே ரசீது போட்டு வாங்குகிறோம்.
தூவி, உருளையால் அழுத்தி,
பத்து நிமிடம் சும்மா இருந்து,
ஐந்து முறை முன்னே, ஐந்து முறை பின்னே.
பிறகு பையைக் கழற்றித் தராசில் வைப்பேன்.
தராசு டிவி பார்ப்பதில்லை.

பெட்டியின் மேல் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.
வெள்ளைக் கால்சட்டைக்காரி ஒருத்தி
வெள்ளைக் கம்பளத்தில் வெறுங்காலோடு
ஒற்றை விரலால் இயந்திரத்தை இழுத்துப் போகிறாள்.
ஐந்து கிலோ எண்ணூறு.
அதையும் நிறுத்துப் பார்த்தேன்.

என் தாளில் எழுபத்தொன்று.
பை பாதி நிறைந்தபின்
ஐம்பத்து நான்கு.

ஒருமுறை வேறொரு கருவி நூற்றிரண்டு எடுத்தது.
ஊவே கைதட்டினான்.
குனிந்து பார்த்தால்
கம்பளத்தின் மயிரையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தது.
அதுவும் ஒரு சுத்தம்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்.
வக்கீலை எதிர்பார்த்திருந்தேன்.
வந்தவர் டெட்லெஃப் க்ரோட்டே, பொறியாளர்,
கோட்டின் கையெல்லாம் நாய் முடி.
"காலிப் பையோடு ஓட்டினீர்களா?"
முதல் தடவை, ஆம் என்றேன்.
"எங்களுடையது முதல் நிமிடத்தின் எண்."
எந்தத் தரையில்?
இருமினார்.
"மரத்தரை. இடுக்கில்லாதது."

காலிப் பை, முதல் நிமிடம், இடுக்கில்லாத மரம்.
மூன்றும் கூடிய அந்த வீட்டுக்கு
இதுவரை யாரும் குடிவரவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.

மறுபடி ஓட்டலாமா என்றார். ஓட்டினோம்.
எழுபது புள்ளி எட்டு.
கொஞ்சம் குறைந்தே போயிற்று.

அப்போது அவர் மண்டியிட்டார்.
உள்ளங்கையைக் கம்பளத்தில் அழுத்தி எடுத்து
சாம்பல் பூத்த ஐந்து விரலையும்
விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"உறிஞ்சுமுனை என் கைவேலை. மூன்று வருடம்.
போன மாடல் அறுபத்திரண்டு, தெரியுமா?
எழுபதைத் தொட்ட அன்று
நாங்கள் நாலு பேரும் கேக் வாங்கி வெட்டினோம்.
அந்தப் புள்ளி ஒன்பது
மேல்மாடியில் யாரோ எழுதியது."

தெரியும் என்றேன்.
இந்த வருடம் வந்த பதினொன்றில்
உங்களுடையது இரண்டாவது என்றேன்.
எழுபது நல்ல எண்தான்.
எழுபதைப் பெட்டியில் அச்சிட
எவருக்குத் தைரியம் வரும்?
அவர் கையைக் கழுவாமலேயே
என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு நெர்மினா வந்தாள், நடைபாதை பெருக்க.
அவள் கருவியில் பெயர் தேய்ந்துபோய்விட்டது,
குழாயில் மூன்று இடத்தில் பழுப்பு டேப்.
எந்தப் பட்டியலிலும் அது இல்லை,
எந்தப் பெட்டியும் அதற்காகச் சிரித்ததில்லை.
"மகளுக்குப் புது வீடு. எதை வாங்க?
எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பவள் நீதானே."

பதினெட்டுப் பக்க அறிக்கை மேசையில் கிடந்தது.
வீட்டில் என்ன தரை என்று கேட்டேன்.
சிரித்துவிட்டாள்.
"கடையில் இதை யாருமே கேட்கவில்லை."

விளக்கணைக்கும் முன் பார்த்தேன்,
கம்பளத்தில் க்ரோட்டேயின் முழங்கால் தடம் இரண்டு,
பக்கத்தில் நாய் முடி, எண்ணினால் ஐந்து.
அவருடைய கருவியைச் செருகி
ஐந்து முறை முன்னே, ஐந்து முறை பின்னே.

மூன்று வந்தது.